எங்கள் தாமான் பூங்காவில் மரம் நட அனுமதி கிடைத்துவிட்டது: எதை நடுவது, எப்படிக் காப்பாற்றுவது?

தாமான்வாசி எழுதியது:

வணக்கம். நான் இருப்பது கோலாலம்பூரின் மேற்குப் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் வந்த தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. அடுக்குமாடி வீடுகளுக்கும் பெரிய கால்வாய்க்கும் நடுவில் எங்களுக்கு ஒரு பூங்கா உண்டு. பல வருடமாக யாரும் கவனிக்கவில்லை. நடுவில் வெயிலில் காயும் புல்தரை, ஒரு பக்கம் முழுக்க உயரமான லாலாங் புல், கால்வாய் ஓரச் சரிவில் தோட்டக் காலத்துப் பால் மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், கொஞ்சம். காலை ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகளை அங்கே விட முடியாது, அவ்வளவு சூடு.

குடியிருப்பாளர் சங்கம் மாநகர் மன்றத்துக்கு எழுதிக் கேட்டதில் மரம் நட அனுமதி கிடைத்திருக்கிறது. அக்டோபர் மழைக்கு நட்டுவிட நினைக்கிறோம். கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், சுராவ் (தொழுகைக்கூடம்) ஆட்கள், சீனக் குடும்பங்கள் என்று எல்லாரும் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப் பணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என்ன மரம் நடலாம்? எத்தனை? அந்தப் பால் மரங்களை வெட்டிவிட்டு நடுவதா, விட்டுவைப்பதா? கடைசிக் கேள்விக்குச் சங்கத்தில் இன்னும் முடிவு வரவில்லை, பேச்சு சூடாகவே போகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் எழுதியது:

வாழ்த்துகள்! சீக்கிரம் நிழல் வேண்டுமென்றால் தூங்குமூஞ்சி மரம் போடுங்கள், கிளை விரித்துப் பந்தல் போல நிற்கும். நடைபாதை ஓரம் தெக்கோமா வைத்தால் பூக்கும்போது கண்கொள்ளாது. இத்தனை பேர் வருகிறார்கள் என்றால் ஒரே நாளில் முந்நூறு கன்று நட்டுவிடலாமே. ஆள் பலம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இரண்டாவது முறை கூப்பிட்டால் பாதிப் பேர்தான் வருவார்கள்.

சங்கூல்காரன் எழுதியது:

இரண்டாவது முறை பாதிப் பேர்தான் வருவார்கள் என்று மேலே எழுதியிருப்பது உண்மை. அதனால்தான் முந்நூறு வேண்டாம் என்கிறேன்.

புக்கிட் கியாராவில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் புக்கிட் கியாரா அமைப்பினர் பல ஆண்டுகளாகக் காட்டு மரங்களை நட்டு வருகிறார்கள். அதுவும் பழைய ரப்பர் தோட்டம்தான். அங்கே தொண்டூழியத்துக்குப் போகும் யாரும் முதலில் கவனிப்பது இதுதான்: நடுகிற வேலையைவிட, ஏற்கெனவே நட்டதைச் சுற்றிக் கொடி அறுக்கிற வேலைதான் அதிகம். மிக்கானியா கொடி என்று ஒன்று இருக்கிறது, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மாதம் விட்டால் ஆள் உயரக் கன்றையும் மூடிச் சாய்த்துவிடும்.

எங்கள் பகுதிப் பூங்காவில் ஒரு நிறுவனம் வந்து மரம் நட்டது. டீ-சட்டை, பதாகை, உணவுப் பொட்டலம் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஒரு வருடம் கழித்து அங்கே உயிரோடு நின்ற கன்றுகளை ஒரு கையால் எண்ணிவிடலாம். செத்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். சிலவற்றில் பாலிபேக்கை, அதாவது கன்று வளர்ந்த பிளாஸ்டிக் பையை, கழற்றாமலே நட்டிருந்தார்கள். சிலவற்றைத் தண்டு பாதி புதையும்படி ஆழமாக நட்டிருந்தார்கள். மிச்சம் எல்லாம் புல் வெட்டும் மெஷினால் போனவை. பூங்காவில் கன்றைக் கொல்வதில் முதலிடம் வெயிலுக்கு இல்லை, அந்த மெஷினுக்குத்தான். நைலான் கயிறு தண்டைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால் மேலே இலை பச்சையாகத் தெரியும்போதே மரத்தின் கதை முடிந்துவிடும். குத்தகைத் தொழிலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. லாலாங்குக்குள் மறைந்திருக்கும் கன்று அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல்லைச் செதுக்கி, காய்ந்த இலை, மரத்தூளைத் தடிமனாகப் பரப்பி, இரண்டு குச்சி ஊன்றுங்கள். மெஷின் பக்கத்தில் வரவே தேவையிருக்காது, ஈரமும் நிற்கும். தண்டை மட்டும் இலைக்குவியல் தொடக்கூடாது, அழுகிவிடும்.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அடுத்த ஜூன், ஜூலையில் உங்கள் தாமானில் எத்தனை பேர் வாளி தூக்குவார்கள்? கோலாலம்பூரில் மழை குறைகிற மாதங்கள் அவைதான். அந்த ஆட்கள் எத்தனை கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனை மட்டும் நடுங்கள். அறுபது கன்று பிழைத்தால் அது பூங்கா. முந்நூறு நட்டு இருநூற்று எண்பது செத்தால், அடுத்த முறை அனுமதி கேட்கப் போகும்போது உங்கள் முகத்தை யார் பார்ப்பார்கள்?

தூங்குமூஞ்சி அழகுதான், நம் ஊர் சாலைகளில் பழகிய மரம்தான். ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, அதன் விரிவுக்குச் சின்னப் பூங்கா போதாது. ஒரு மரமே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தாமான்வாசி எழுதியது:

அண்ணே, ஜூன், ஜூலைக் கணக்கை நாங்கள் யோசிக்கவே இல்லை. இன்றே கேட்கிறேன். நாட்டு மரம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் எதை எங்கே வைப்பது? எங்கள் மண் சரியான களிமண், மேடு வெட்டிக் கொட்டி நிரப்பியது. கடப்பாரையே இறங்கவில்லை.

கெப்போங்_அக்கா எழுதியது:

தம்பி, மண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அங்கே போய் அண்ணாந்து பார்த்தால் கப்பூர் மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொடாமல், இடைவெளி விட்டு வானத்தில் நிற்கும். அது இயற்கையாக இருந்த காடு இல்லை. 1920களில் அந்த இடம் ஈயம் தோண்டிப் பாழான நிலமும் காய்கறிப் பாத்தியும். அங்கே மனிதர்கள் கையால் நட்டு வளர்த்ததுதான் அந்தக் காடு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஈயக்குட்டை மண்ணில் காடு வரும் என்றால் உங்கள் களிமண்ணிலும் வரும். ஆனால் வரிசை முக்கியம்.

மெராந்தி, கப்பூர், செங்கால் எல்லாம் பெயர் பெற்ற மரங்கள். பெயருக்காக அவற்றைப் புல்தரையின் நடுவில் வைத்தால் பெரும்பாலும் கருகிவிடும். காட்டில் அவை தாய்மரத்தின் நிழலில் முளைத்து, மேலே வெளிச்சம் திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிற சாதி. அவற்றின் வேரோடு கூட்டுச் சேரும் பூஞ்சையும் மண்ணில் வேண்டும். அதனால் கன்று வாங்கும்போது காட்டு மண் கலந்த பையில் வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். விதை வாங்கி முளைக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். இந்த மரங்கள் வருடாவருடம் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் காடு முழுக்கச் சேர்ந்து பூக்கும், விதையும் விழுந்த சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் உயிரை விட்டுவிடும். சேமித்து வைக்க முடியாது.

வெயில் நேராக விழும் புல்தரைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தெம்புசு: மெதுவாக வளரும், ஆனால் காற்றுக்கு அசையாது, பூக்கும் மாதங்களில் சாயங்காலம் பூங்கா முழுக்க மணக்கும். புன்னை: கடற்கரை மரம்தான், நகரத்து மண்ணையும் நன்றாகத் தாங்கும், அடர்ந்த நிழல். மகிழ மரம்: பூ உதிர்ந்த பிறகும் வாசம் போகாது, பிள்ளைகள் பொறுக்கிக் கோத்து மகிழ்வார்கள். பூமருது, இங்கே பூங்கோர் என்பார்கள், ஊதாப் பூ. ஏழிலைப்பாலையும் வரும், ஆனால் வீட்டு ஜன்னல் பக்கம் வேண்டாம், பூ வாசம் தலைவலி தருவதாகச் சிலர் சொல்வார்கள். 2019இல் நாட்டின் தேசிய மரமாக அறிவித்த மெர்பாவ் ஒன்றிரண்டு வைக்கலாம், ஓர் ஓரமாக, இடம் விட்டு. பறவைக்காகக் கெலாட் வகைகளில் இரண்டு மூன்று கட்டாயம் வையுங்கள், நம் நாவலுக்குச் சொந்தக்கார மரம். ஆல், அத்தி வகை வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனமில்லை, பறவைக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது. ஆனால் கால்வாய்ச் சுவரை வேர் பிளந்துவிடும்.

விரிந்து வளரும் மரங்களுக்கு நடுவே எட்டு முதல் பத்து மீட்டர் விடுங்கள். கன்றாக இருக்கும்போது அந்த இடைவெளி வெறுமையாகத் தெரியும், யாராவது வந்து நடுவில் இன்னொன்று வைக்கலாமே என்பார்கள். விடாதீர்கள்.

குழி பையைப்போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் பையின் உயரம் மட்டும். தோண்டியதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடத்தில் மண்ணை மேடாக்கித்தான் நடவேண்டும். பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரைக் கையால் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அதே வேர் தண்டை நெரிக்கும்.

கன்றுக்குப் பணம் இல்லையென்றால் பங்சார் பக்கம் ஃப்ரீ ட்ரீ சொசைட்டி நாற்றங்கால் நடத்தி இலவசமாகவே தருகிறார்கள். போய்ப் பேசுங்கள். நேரம் இருந்தால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை தாமான் துகுவில் நடந்து வாருங்கள். தேசிய நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் 66 ஏக்கர். தீம் பார்க் என்று தொடங்கிய திட்டத்தை மாற்றி, 4,000க்கும் மேற்பட்ட நாட்டு மரங்களை நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். கட்டணம் இல்லை.

பழைய_தோட்டத்தான் எழுதியது:

எல்லாரும் நல்ல யோசனை சொல்கிறீர்கள். அந்தப் பால் மரங்களைப் பற்றி நான் பேசவேண்டும்.

நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். விடியுமுன் எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா பால் வெட்டப் போவார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். பள்ளி விடுமுறை என்றால் நாங்கள் மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் உறைந்த ஒட்டுப்பாலைப் பிடுங்குவோம். பிப்ரவரி வாக்கில் மரம் மொத்தமும் இலையைக் கொட்டும். காய் வெடித்துக் கொட்டை சிதறும் சத்தம் மத்தியான நேரத்தில் தோட்டம் முழுக்கக் கேட்கும்.

தோட்டம் விற்றாகிவிட்டது. லயம் இடிந்தது, கோயில் வேறு இடத்துக்குப் போனது, பள்ளியும் போனது. இந்த நகரத்தின் இந்தப் பக்கத்தை வெட்டித் திருத்தியவர்கள் நம் ஆட்கள் என்பதற்குச் சாட்சியாக நிற்பது அந்தச் சில மரங்கள்தான். பட்டையில் கத்தி போட்ட தழும்பு இன்னும் இருக்கும், போய்த் தடவிப் பாருங்கள். பால் மரம் வெளிநாட்டு மரம், காட்டுக்கு உரியதல்ல என்கிறார்கள். அமேசானிலிருந்து வந்ததுதான், 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து பரவியது. என் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான். அவர் உழைத்த மரத்தை வெளிநாட்டுக்காரன் என்று சொல்லி வெட்டினால் எனக்கு மனம் ஒப்பாது.

சங்கூல்காரன் எழுதியது:

ஐயா, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு உடனே பதில் போட முடியவில்லை. என் பாட்டியும் பால் வெட்டியவர்தான்.

ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். பால் மரம் காற்றில் சீக்கிரம் முறியும் மரம். தோட்டத்திலேயே இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டி மறுநடவு செய்வார்கள், இவை அந்த வயதை எப்போதோ தாண்டியவை. அதற்கும் மேலே வெள்ளை வேர் நோய் இருக்கிறது. நோய் பிடித்த மரத்தின் அடிக்கட்டை மண்ணில் கிடந்தாலே போதும், பக்கத்தில் புதிதாக நடும் மரத்தின் வேரையும் அது பிடித்துக்கொள்ளும். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரேயடியாக வெட்டித் தள்ளவும் நான் சொல்லமாட்டேன். அக்கா சொன்ன மெராந்தியும் கப்பூரும் கேட்பது நிழல். உங்கள் பூங்காவில் இப்போது நிழல் இருக்கிற ஒரே இடம் அந்தப் பால் மரத்தடிதான். சரிவில் இருக்கும் மரங்களை அப்படியே விட்டு, அவற்றின் கீழே காட்டுக் கன்றுகளை இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக நடுங்கள். இலைக் குப்பை விழுந்து விழுந்து அங்கே மண்ணும் இளகி இருக்கும். கன்றுகள் தோள் உயரம், ஆள் உயரம் தாண்டி வெளிச்சம் கேட்கிற காலத்தில், நோயாளி மரமாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்கலாம், அடிக்கட்டையோடு. சரிவில் மண் அரிக்கவும் அரிக்காது. எல்லாவற்றையும் முதல் நாளே வெட்டினால் அடுத்த பெருமழையில் மண் மொத்தமும் கால்வாயில் போய் இறங்கிவிடும்.

நல்ல ஆரோக்கியமான மரம் இரண்டு மூன்றைத் தேர்ந்து, நடைபாதையிலிருந்து தள்ளி, கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு பலகை வைத்து, இங்கே எந்தத் தோட்டம் இருந்தது, யார் வேலை செய்தார்கள் என்று மலாயிலும் தமிழிலும் எழுதுங்கள். இதை எழுத ஐயாவைவிடத் தகுதியான ஆள் கிடைக்காது.

புதிய_உறுப்பினர் எழுதியது:

மரம் விழுந்து உயிர் போகும் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. 2024 மே 7 அன்று ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார், பதினேழு வாகனங்கள் நசுங்கின. வெளியே பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே அழுகியிருக்கலாம். பால் மரத்தை வைப்பதோ எடுப்பதோ, மரப் பரிசோதகர் பார்த்துச் சொன்ன பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை கீழே பெஞ்சு போடாதீர்கள்.

கியாரா_பேத்தி எழுதியது:

புக்கிட் கியாரா பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள். 1980களின் தொடக்கத்தில் தோட்டக் குடும்பங்கள் வெளியேறி, தற்காலிகம் என்று சொல்லப்பட்ட நீண்ட வீடுகளுக்கு வந்தார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாரும் அங்கேயே வளர்ந்தார்கள்.

அந்த வீடுகளுக்குப் பக்கத்தில்தான் தாமான் ரிம்பா கியாரா. அந்தப் பூங்கா நிலத்தில் அடுக்குமாடிக் கோபுரங்களும், அதோடு நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கான வீடுகளும் கட்டும் திட்டம் வந்தது. குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மரங்களுக்காக மகிழ்ந்தேன். அதே நாளில் வீட்டுக்காகக் காத்திருந்தவர்களை நினைத்து அழுகையும் வந்தது. பூங்கா வேண்டும் என்பவர்களும் வீடு வேண்டும் என்பவர்களும் எதிரெதிர்த் தரப்பு ஆக்கப்பட்டதுதான் எனக்கு வலிக்கிறது. இரண்டுமே நியாயமான கேள்விகள்.

தாமான்வாசி அண்ணா, உங்கள் பகுதியில் பழைய தோட்டக் குடும்பங்கள் இன்னும் இருந்தால், நடும் நாளுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், எந்த மரத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போது கூப்பிடுங்கள். அந்த மண்ணில் தண்ணீர் எங்கே தேங்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று வரைபடம் போடுபவருக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

பிளாட்_மூன்றாம்மாடி எழுதியது:

எங்கள் பிளாட்டில் இதே பேச்சு எடுத்தபோது மரம் வந்தால் பாம்பு வரும், கொசு வரும், டிங்கிக் காய்ச்சல் வரும் என்று பாதிப் பேர் எதிர்த்தார்கள். என்ன பதில் சொல்வது?

கெப்போங்_அக்கா எழுதியது:

டிங்கிக் கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீரில்: தூக்கிப் போட்ட டப்பா, டயர், பூந்தொட்டித் தட்டு, அடைத்த கூரைச் சாக்கடை. மரத்தை நட்டுவிட்டுப் பாலிபேக்கையும் குடிநீர்ப் போத்தலையும் அங்கேயே விட்டால் அதில் வரும். முடிந்ததும் ஒன்று விடாமல் பொறுக்குங்கள். பால் மரம் வைத்திருப்பவர்கள் பழைய மங்கு கம்பியில் தொங்குகிறதா என்றும் பாருங்கள், அதில் மழைநீர் நிற்கும். பாம்புக்குப் பிடித்தது ஆள் நுழையாத லாலாங்கும் எலி திரியும் குப்பையும். நிழல் விழுந்தால் லாலாங் தானாகக் குறையும், அதற்கு வெயில் வேண்டும்.

தாமான்வாசி எழுதியது:

நேற்று இரவு சங்கத்தில் இந்த இழையைத் திரையில் போட்டு எல்லாரும் படித்தோம். முடிவுகளை எழுதுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

புல்தரையில் புன்னை, மகிழம், பூங்கோர், தெம்புசு, கெலாட், ஓரத்தில் ஒரு மெர்பாவ். சரிவில் பால் மரங்களின் கீழே மெராந்தியும் கப்பூரும். மொத்தம் அறுபதுக்குள். மரப் பரிசோதகர் பார்த்த பிறகுதான் எந்தப் பால் மரம் நிற்கும், எது போகும் என்று பேசுவோம். நல்ல மரம் மூன்றை வைத்துக்கொள்ள எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், வெட்டியே ஆகவேண்டும் என்றவர்களும்கூட. புல் வெட்டும் குத்தகையாளரிடம் பேசி, வட்டத்துக்குள் மெஷின் வராமல் பார்த்துக்கொள்கிறோம். தண்ணீருக்கு வீட்டு எண் வாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறோம், ஜூன், ஜூலைக்குத் தனியாக ஆட்கள். மழை இல்லாத வாரத்தில் கன்றுக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு வாளி. தோட்டத்தில் வேலை செய்த மூன்று குடும்பங்கள் இன்னும் எங்கள் பிளாட்டில் இருக்கிறார்கள் என்பது நேற்றுதான் பலருக்குத் தெரிந்தது. அடுத்த கூட்டத்துக்கு வருகிறார்கள்.

இரண்டு குறை இருக்கிறது. சங்கூல் (மண்வெட்டி) போதாது. செவ்வாய்க்கிழமைத் தண்ணீருக்கு ஆள் இல்லை.

சங்கூல்காரன் எழுதியது:

மிக்கானியா பிடுங்கவும் பட்டியலில் ஒரு வரி சேருங்கள், மாதம் ஒருமுறை. வேரோடு எடுக்கவேண்டும். அறுத்துப் போட்ட துண்டு மண்ணில் கிடந்தால் மறுபடியும் முளைக்கும்.

பழைய_தோட்டத்தான் எழுதியது:

தம்பி, நான் உங்களிடமிருந்து இரண்டு தாமான் தள்ளித்தான் இருக்கிறேன். என்னிடம் மூன்று சங்கூல் உண்டு, பிடி மட்டும் மாற்றவேண்டும், மாற்றிக் கொண்டுவருகிறேன். செவ்வாய்க்கிழமை என் பெயரைப் போடுங்கள். பலகையில் எழுதவேண்டியதை நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். தோட்டத்தின் சரியான பெயரை அந்த மூன்று குடும்பத்தாரிடமும் கேட்டுச் சொல்லுங்கள். தோட்டத்தின் எந்தப் பிரிவு என்று டிவிஷன் பெயரும் வேண்டும்.